அரிதாரம்

அரிதாரம் முதலில் ஒரு கனிமத்தின் பெயர். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல் அது. வடமொழி 'ஹரிதாலம்' ஹகரம் இழந்து, லகரம் ரகரமாகி இவ்வடிவம் பெற்றது. கதகளியில் இக்கல்லுக்கு மனயோலை என்று பெயர். இக்கல்லை அரைத்து முகத்தில் பூசிய வழக்கத்தால், நாடக முகப்பூச்சு முழுவதற்கும் அரிதாரம் என்பதே பெயராயிற்று. நச்சுக்கல் பெரிதும் வழக்கொழிந்த பின்னும் சொல் நிலைத்தது மொழியின் அழகான பிடிவாதம்.

பந்தல்குடி, அருப்புக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நாடகம் விடிய விடிய நடக்கும். தொலைவில் அமர்ந்தவருக்கும் நடிகரின் முகம் தெரிய வேண்டும்; அதற்கு அரிதாரம் உதவும். மூக்குத்தண்டில் வெளிர்நிறம் பூசினால் அது எடுப்பாகும். பக்கங்களில் கருநிறம் தீட்டினால் அவை உள்வாங்கும். அழகுநிலையங்களில் 'ஹைலைட்டிங்', 'கான்டூரிங்' எனப்படுபவை இவையே.

'அரிதாரம் பூசுதல்' நடிக்க வருதல் என்ற பொருளிலும் வழங்குகிறது.