தங்கவயலின் இரும்புக் கோபுரங்கள்

பொன் என்றவுடன் அணிகலனை நினைப்பாரே உலகில் மிகுதி. அதனை நிலத்தின் அடியினின்று மேலேற்றிய கைகளை நினைப்பார் சிலரே. அக்கைகளுக்குரியோருட் பலர், வட ஆர்க்காடு முதலிய இடங்களினின்று மைசூர்ச் சீமைக்குக் கூலிக்குச் சென்ற எளிய தமிழ்க் குடியினர். ஆதலின் கோலார்த் தங்கவயலின் வரலாறு நமக்கு அயலதன்று.

1802-இல் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி அவ்விடம் சென்றபோதே ஊரார் பாறையைக் குடைந்து பொன் எடுத்து வந்தனர். 1873-இல் லவெல் என்பார் மைசூர் அரசினிடம் உரிமை வேண்டினார். எனினும் 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த பின்னரே தொழில் பெருகிற்று. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி வீழ்ச்சியிற் பிறந்த மின்சாரம் 90 மைலுக்கு மேற் கம்பிவழிச் சென்று இச்சுரங்கங்களை அடைந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-இல்தான்! பொன்னுக்குக் காட்டிய விரைவை மன்னர் நகருக்கும் காட்டினாரிலர்.

நிற்க. சாம்பியன் ரீப் சுரங்கம் ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழமுடையது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையைக் கடக்கும். மேற்கவிந்த பாரம் தாங்காது பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. அப்போது மேலேயுள்ள வீடுகளும் அதிரும். இரும்புக் கூண்டிலேறி இறங்கியவன் மாலையில் மீள்வான் என்பது மனைவி மக்களுக்கு உறுதியன்று. மூங்கிற்றட்டிக் குடிசைகளில் வாழ்ந்த அம்மக்களே பள்ளியும் சங்கமும் கண்டனர். அயோத்திதாச பண்டிதர் 1907-இற் சென்னையில் தொடங்கிய தமிழன் இதழ், அவர் மறைந்து சில ஆண்டுகள் சென்றபின் தங்கவயலினின்றே மீண்டும் வெளிவந்தது. வளிமண்டலத்திற் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்டுகளின் தடத்தை 1965-இல் அறிஞர் கண்டதும் இச்சுரங்கத்தின் ஆழத்திலேயாம்.

ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற் பொன் தந்த இச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. நீரிறைத்தல் நின்றமையின் கீழ்த்தளங்களை நீர் கொண்டது. கூண்டுகளை ஏற்றியிறக்கிய இரும்புக் கோபுரங்கள் துருவேறி நிற்கின்றன. பெயர்த்து விற்போரும் உளர். பொன் பிரித்த கழிவோ சயனைடு மேடுகளாய்க் குவிந்து, காற்றடிக்குங்கால் ஊரின்மேற் புழுதியை இறைக்கின்றது. அம்மேடுகளில் எஞ்சிய பொன்னை எடுக்க யோசனைகள் பல எழுந்தன. எடுக்கட்டும், ஆயின் எடுக்க வருவோர் கோபுரங்களையும் வாரிச் செல்லாவண்ணம் முன்னரே வரம்பு செய்தல் வேண்டும்.

அங்குள்ள தொன்மையான தலையணை வடிவ எரிமலைப் பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையார் தேசிய நினைவுச் சின்னமாகக் கொண்டனர். கல்லுக்குச் செய்த மரியாதையைக் கரத்துக்கும் செய்தல் முறையன்றோ? எல்லாவற்றையும் காத்தல் இயலாது. ஒரு கோபுரம், அதன் பொறிமனை, ஒரு தொழிலாளர் குடியிருப்பு வரிசை, இவையேனும் சிதையாமல் நிற்கட்டும். சர்க்காருக்கு இதுபற்றி விண்ணப்பம் வரைதல் நம் சங்கத்தின் கடன்.

பாட்டனார் தங்கவயலில் உழைத்த குடும்பத்தார் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்க்க. வேலைச்சீட்டு, கூலிக் கணக்கு, நிழற்படம், தலைவிளக்கு, எதுவாயினும் பழைய சாமான்காரனுக்கு நிறுத்துக் கொடாது, உரியவர் பெயரும் அவர் பணிபுரிந்த சுரங்கத்தின் பெயரும் குறித்துச் சங்கக் காரியதரிசிக்குத் தெரிவிப்பாராக.