கணினிக்குள் போன பஞ்சமி நிலம்

1892இல், செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை ஒட்டி வெள்ளையர் அரசு நமக்கு ஒதுக்கியது பஞ்சமி நிலம். பத்து வருஷம் விற்கக்கூடாது. பிறகும் நம்மாளுக்குத்தான் விற்கலாம். கடனிலும் மிரட்டலிலும் அது கைமாறிய கதை தெரிந்ததுதான். அதை மீட்கிற போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

கம்ப்யூட்டர் சாதி பார்க்காதுங்கிறாங்க. பார்க்காதுதான். 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். கணக்குத் திருத்தத்தில் பல ஊர்களில் அனுபவத்தில் இருந்தவன் பேரே பட்டாவில் ஏறியது. அந்தக் கணக்குதான் பின்னால் கணினிக்குள் போனது. இன்று இணையத்தில் சிட்டா எடுத்தால் பேர், புல எண், பரப்பு, தீர்வை. அவ்வளவுதான். நிலம் யாரிடமிருந்து போனது என்று அது சொல்லாது. மனு எழுதும் தோழர்களுக்கு நான் சொல்வது: யு.டி.ஆருக்கு முந்தின 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். குறிப்புக் கலத்தில் நிபந்தனையைத் தேடுங்கள்.