ஒலி வன்பொருளின் நிலைபொருளும் கட்டற்ற உரிமமும்

ஒலி வன்பொருளின் நிலைபொருள் என்பது ஒலி அட்டையிலோ கணினிச் சில்லிலோ உள்ள குறிகைச் செயலியில் இயங்கும் மென்பொருள் ஆகும். இது இயக்குதளத்தின் கருனியில் இயங்கும் இயக்கியிலிருந்து வேறானது. இயக்கி கட்டற்ற உரிமத்தில் கிடைத்தாலும், நிலைபொருள் மூல நிரலின்றி இரும வடிவில் மட்டுமே வழங்கப்படலாம். அதுவே மூடிய நிலைபொருள் எனப்படுகிறது.

பின்னணி

லினக்சின் ஒலி அமைப்பான ஆல்சா 1998இல் யாரோஸ்லாவ் கீசெலாவால் தொடங்கப்பட்டு, 2002இல் கருனியில் இணைந்தது. கருனியிலுள்ள அதன் இயக்கிகள் குனூ பொது உரிமத்தின் கீழ் வருபவை. எனினும் ஆர்எம்இ நிறுவனத்தின் ஹேமர்ஃபால் டிஎஸ்பி போன்ற கருவிகளுக்கு நிலைபொருளைக் கணினியே ஏற்றித் தர வேண்டும். இத்தகைய கோப்புகளைப் பகிர உற்பத்தியாளர் இசைவு தருவதுண்டு. திருத்துவதற்கான மூல நிரலைத் தருவது அரிது. முன்னர் கருனியின் மூலத்திலேயே இடம்பெற்றிருந்த இரும நிலைபொருள்கள் 2017இல் வெளியான 4.14 பதிப்பில் நீக்கப்பட்டன. அவை இப்போது தனித் தொகுப்பாகவே கிடைக்கின்றன. டெபியன் வழங்கல் 2023இல் வெளியான 12ஆம் பதிப்பிலிருந்து கட்டற்றதல்லாத நிலைபொருளைத் தன் நிறுவியில் சேர்த்துள்ளது.

இங்கு ஒரு முரண் உண்டு. அதே மூடிய நிரல் அட்டையின் நிலை நினைவகத்தில் முன்பே பதிக்கப்பட்டிருந்தால், பயனர் அதைக் காண்பதில்லை. எவரும் அதைப் பெரிதாக எதிர்ப்பதுமில்லை. கோப்பாக வரும்போதுதான் உரிமம் பற்றிய வினா எழுகிறது.

சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்

இன்டெல் 2018இல் அறிவித்த இத்திட்டம், நிலைபொருளின் மூல நிரலையே பிஎஸ்டி, எம்ஐடி உரிமங்களில் வெளியிட்டது. இதற்கான இயக்கி 2019இல் லினக்சு 5.2 பதிப்பில் சேர்ந்தது. இன்டெல் சில்லுள்ள பல மடிக்கணினிகளில் உள்ளமை ஒலிவாங்கி நேரடியாகக் குறிகைச் செயலியுடன் இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே நிலைபொருள் ஏற்றப்படாவிடில் ஒலிவாங்கி இயங்காது.

மூலம் திறந்திருப்பினும் தடை முற்றிலும் நீங்கவில்லை. பெரும்பாலான கணினிகளில் இன்டெலின் மறைவிசையால் கையொப்பமிட்ட கோப்பை மட்டுமே சில்லு ஏற்கும். மாணவர் ஒருவர் நிரலைத் திருத்தித் தொகுக்கலாம், பிறருக்கு வழங்கலாம். தம் மடிக்கணினியில் அதை ஓட்ட இயலாது. உரிமம் தரும் உரிமையை வன்பொருள் மறுக்கும் இந்நிலையைத் தவிர்க்கவே 2007இல் வெளியான குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளுக்கு நிறுவல் விவரங்களையும் வழங்குமாறு கோருகிறது. பிஎஸ்டி, எம்ஐடி உரிமங்களில் அத்தகைய விதி இல்லை. சில குரோம்புக்குகளும் அப் ஸ்குவேர்டு போன்ற வளர்ச்சிப் பலகைகளும் பொதுவில் கிடைக்கும் விசையை ஏற்பதால், திருத்திய நிலைபொருளை அவற்றில் சோதிக்க முடிகிறது.