செருப்பு போச்சு, சிக்னல் போச்சு, மூடும் போச்சு... சரியா புலம்புறது எப்படி?

பௌர்ணமி ராத்திரி. திருவண்ணாமலைக்கு பஸ் ஏறியாச்சு. ஊருக்குள்ள போகும்னு நினைச்ச பஸ், ஊருக்கு வெளியே போட்டிருக்கிற தற்காலிக பஸ் ஸ்டாண்டுலயே நின்னுடுது. ஆட்டோவுக்குச் சொல்ற ரேட்டைக் கேட்டதும் நடக்க ஆரம்பிக்கிறீங்க. கூட வந்த ஃப்ரெண்டு கூட்டத்துல எங்கேயோ போயிட்டார். போன் பண்ணலாம்னா சிக்னல் கிடைக்கலை. பேட்டரி 4 சதவிகிதம். வெறுங்காலோட 14 கிலோமீட்டர் சுத்தி முடிச்சு, ஓரமா விட்டுட்டுப் போன செருப்பைத் தேடினா... அது வேற யார் கால்லயோ ஊருக்குக் கிளம்பிடுச்சு.

இதில் ஒன்றுகூட பெரிய இழப்பு இல்லை. ஆனாலும் அந்த நிமிஷத்தில் வாயில் வருவது ஒரே கேள்விதான். ''எனக்கு மட்டும் ஏன்டா இப்படியெல்லாம் நடக்குது?''

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும்தான் இந்தப் புலம்பல் என்று நினைக்காதீர்கள். பௌர்ணமி அன்று டிராஃபிக்கைத் திருப்பிவிட்ட பிறகு, சொந்த வீட்டுக்கு பைக்கை எந்தச் சந்து வழியாகக் கொண்டுபோவது என்று தெரியாமல் நிற்கும் உள்ளூர்க்காரரிடம் கேட்டுப்பாருங்கள். அவருக்குத் தனி லிஸ்ட்டே இருக்கும்.

'சும்மா புலம்பாதே' என்று வீட்டில் அதட்டுவார்கள். 'மனசுல வெச்சுக்காம கொட்டிடு' என்று நண்பர்கள் சொல்வார்கள். இதில் எது சரி? ரெண்டுமே பாதிதான் சரி. எப்படி, யாரிடம், எவ்வளவு நேரம் புலம்புகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சின்ன விஷயம், ஆனா சின்னது இல்லை!

'செருப்பு போனதுக்கா இவ்ளோ டென்ஷன்?' என்று யாராவது கேட்டால், அவரிடம் 1981-ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் ஆலன் கேனர், ரிச்சர்ட் லாசரஸ் உள்ளிட்ட உளவியலாளர்கள், அன்றாட எரிச்சல்களை 117 வகைகளாகப் பட்டியல் போட்டார்கள். நடுத்தர வயதுள்ள 100 பேரிடம் மாதாமாதம் அந்தப் பட்டியலைக் கொடுத்து, 'இந்த மாசம் எதெல்லாம் உங்களைப் படுத்தியது?' என்று டிக் அடிக்கச் சொன்னார்கள்.

அதிகம் பேர் டிக் அடித்தவற்றில் உடல் எடை, விலைவாசி, தலைக்கு மேல் வேலை, பொருள்களைத் தொலைப்பது எல்லாம் இருந்தன. முக்கியமான விஷயம் இதுதான்: ஒருவருடைய மனநிலை எப்படிப் பாதிக்கப்படும் என்பதைக் கணிக்க, மரணம், வேலையிழப்பு மாதிரியான பெரிய நிகழ்வுகளைவிட இந்தத் தினசரி எரிச்சல்களின் கணக்கே அதிகம் உதவியது.

காரணம், பெரிய துக்கம் வந்தால் நாலு பேர் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். செருப்பு தொலைந்ததற்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. அந்த எரிச்சலை நாம் தனியாகவே சுமக்கிறோம். நாளைக்கு இன்னொன்று சேரும். மறுநாள் இன்னொன்று.

பிரஷர் குக்கர் கணக்கு இங்க செல்லாது

'கோபம் ஆவி மாதிரி. விசில் அடிச்சு வெளியே போயிட்டா சரியாயிடும்' என்பது நம் எல்லோர் மனதிலும் இருக்கும் தியரி. தலையணையைக் குத்துவது, பொருள்களைப் போட்டு உடைக்கும் 'ரேஜ் ரூம்', ஸ்டேட்டஸில் அடுத்தடுத்து பத்துப் பதிவு போடுவது எல்லாம் இந்த நம்பிக்கையில்தான்.

அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மேன் இதைச் சோதித்துப் பார்த்து 2002-ல் முடிவை வெளியிட்டார். 600 கல்லூரி மாணவர்கள் எழுதிய கட்டுரையை வேண்டுமென்றே மட்டம் தட்டி, கோபப்பட வைத்தார்கள். ஒரு குழு, மட்டம் தட்டியவரை நினைத்துக்கொண்டே பஞ்சிங் பேக்கைக் குத்தியது. இன்னொரு குழு, உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தியது. மூன்றாவது குழு எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தது.

எந்தக் குழுவுக்குக் கோபம் குறைந்திருக்கும்? ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம். சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் ஆக்ரோஷம் குறைவு!

2024-ல் சோஃபி கியார்விக்கும் புஷ்மேனும் சேர்ந்து, 10,000-க்கும் அதிகமானோர் பங்கேற்ற 154 ஆய்வுகளை மொத்தமாக அலசினார்கள். மூச்சுப்பயிற்சி, தியானம், யோகா போல உடம்பின் படபடப்பைக் குறைக்கும் செயல்கள் கோபத்தையும் குறைத்தன. படபடப்பை ஏற்றும் செயல்களால் பொதுவாகப் பலனில்லை. கோபத்தைத் தணிக்க ஓடலாம் என்பார்களே, அந்த ஜாகிங்கூட கோபத்தைக் கூட்டவே செய்தது.

ஆக, கத்தித் தீர்த்தால் கோபம் தீராது. அப்புறம் ஏன் நாம புலம்புறோம்?

புலம்பு என்றால் தனிமை

இதற்குப் பதில் நம்ம மொழியிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் உரியியலில், புலம்பு என்ற சொல்லுக்குத் தனிமை என்றே பொருள் சொல்லப்பட்டிருக்கிறது. இன்று நாம் முணுமுணுப்புக்கும் அங்கலாய்ப்புக்கும் பயன்படுத்தும் சொல்லின் பழைய அர்த்தம், துணையில்லாமல் இருப்பது.

யோசித்துப் பாருங்கள். செருப்பு போனதைச் சொல்லும்போது, எதிரில் இருப்பவர் புதுச் செருப்பு வாங்கித் தர வேண்டும் என்றா எதிர்பார்க்கிறோம்? 'அய்யய்யோ, அப்புறம் எப்படி வந்தே?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். தனியாகச் சுமந்ததை இன்னொருவரும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

கிரிவலப் பாதையில் இது கண்ணெதிரே நடக்கும். முன்பின் தெரியாத ரெண்டு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, 'கால் எரியுதுல்ல?', 'இன்னும் எவ்ளோ தூரம்ங்க?' என்று ஆரம்பிப்பார்கள். பத்து நிமிஷத்தில் பஸ், கூட்டம், முட்டிவலி எல்லாம் பேசி முடித்துச் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது. அது தனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்ததும் எடை குறைந்துவிடுகிறது.

இதே ஊருக்கு 1896 செப்டம்பர் 1 அன்று, 16 வயதில் வந்து சேர்ந்த ரமணர், ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தபோது சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். பாதாள லிங்கத்துக்குள் போனால் பூச்சிகள் கடித்தன. அவர் ஒரு வார்த்தை புலம்பவில்லை. சரிதான், ஆனா நாம ரமணர் இல்லையே! நமக்கு ஒரு காது வேண்டியிருக்கு.

செருப்பு போச்சா? பீடை போச்சு!

பகிர்ந்துகொண்டால் மட்டும் போதுமா? இல்லை. உணர்ச்சிகளை மற்றவர்களிடம் சொல்வது பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பெல்ஜிய உளவியலாளர் பெர்னார் ரிமே ஒரு விஷயத்தைக் கவனித்தார். சொன்னவுடன் ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் சொல்வதால் மட்டும் அந்த உணர்ச்சியின் வேகம் குறைந்துவிடுவதில்லை. நடந்ததை வேறு கோணத்தில் பார்க்க எதிரில் இருப்பவர் உதவினால்தான் குறைகிறது.

நம்ம பாட்டிமார்கள் இதில் எக்ஸ்பர்ட்டுகள். கோயிலில் செருப்பு தொலைந்தால், 'விடுடா, பீடை ஒழிஞ்சுதுன்னு நினைச்சுக்கோ' என்பார்கள். கண்ணாடி டம்ளர் உடைந்தால், 'திருஷ்டி கழிஞ்சுது.' பைக்கில் விழுந்து முட்டி மட்டும் சிராய்த்திருந்தால், 'தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு.' இதையெல்லாம் நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இவை செய்யும் வேலையைக் கவனியுங்கள். நஷ்டக் கணக்கில் இருந்த ஒன்றை ஒரே வரியில் லாபக் கணக்குக்கு மாற்றி, பேச்சை முடித்தும் வைக்கின்றன.

15-ம் நூற்றாண்டுக் கவி காளமேகம் இந்த வித்தையில் கில்லாடி. நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் பசியோடு காத்திருந்தபோது, சோறு வர நள்ளிரவு தாண்டிவிட்டதாம். லேட்டான சாப்பாட்டைக் கிண்டலடித்து ஒரு வெண்பா பாடினார். பதறிப்போன காத்தானுக்காக, அதே பாட்டுக்குப் பஞ்ச காலத்திலும் ஊர் பசியைத் தீர்க்கும் சத்திரம் என்று புகழ்ச்சியாக இன்னொரு பொருளும் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. தண்ணியாக இருந்த மோரைக் கிண்டலடித்தும் அவர் பெயரில் ஒரு பாட்டு உண்டு. இன்றைய உணவு டெலிவரி ரிவ்யூக்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி! எரிச்சலைச் சிரிப்பாக மாற்றியதால்தான் அந்தப் புலம்பலை 500 வருஷம் கழித்தும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எப்போது புலம்பல் ஆபத்து?

பெஸ்ட் ஃப்ரெண்டோடு உட்கார்ந்து ஒரே பிரச்னையைத் திரும்பத் திரும்பப் பேசும் பழக்கம் இருக்கிறதா? அமெரிக்க உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002-ல் பள்ளி மாணவர்களிடம் இதை ஆராய்ந்தார். அப்படிப் பேசுகிறவர்களின் நட்பு நெருக்கமாக இருந்தது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அவர்களிடம் அதிகமாக இருந்தன. நட்பு நெருங்குவதால், அதுதான் நமக்கு நல்லது என்று தோன்றிவிடுகிறது. அங்கேதான் சிக்கல்.

ஒரே விஷயத்தை மூன்றாவது நாளும் அதே வார்த்தைகளில் சொல்கிறீர்களா? சொல்லி முடித்ததும் முன்பைவிடக் கோபம் ஏறுகிறதா? எப்போதும் நீங்களே பேசி, எதிரில் இருப்பவர் 'ம்ம்' மட்டும் கொட்டுகிறாரா? மூன்றில் ஒன்று 'ஆமாம்' என்றாலும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

எட்டு லிங்கம், எட்டு ஸ்டாப்

கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசானிய லிங்கம் என வரிசையாக எட்டு இருக்கின்றன. அடுத்த முறை நண்பரோடு நடக்கும்போது ஒரு டீல் போடுங்கள். இந்திர லிங்கத்திலிருந்து அக்னி லிங்கம் வரை உங்கள் புலம்பல். அதற்கு அடுத்த லிங்கம் வரை அவருடையது. ஒரு லிங்கத்தைத் தாண்டிவிட்டால் அந்த மேட்டர் க்ளோஸ்.

திருவண்ணாமலை போக முடியாதவர்களும் இதையே செய்யலாம்.

* ஆரம்பிக்கும் முன் கேளுங்கள்: 'ஒரு பத்து நிமிஷம் புலம்பலாமா?' அவர் ஏற்கெனவே நொந்துபோயிருக்கலாம்.

* என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்: 'ஐடியா வேணாம், கேட்டா மட்டும் போதும்' என்றால் பாதிச் சண்டை வராது.

* கேட்பவராக இருந்தால், 'எனக்கு இதைவிட மோசமா நடந்துச்சு தெரியுமா?' என்று போட்டிக்குப் போகாதீர்கள். முதலில் கேளுங்கள். கடைசியில் ஒரு பாட்டி டயலாக் சொல்லுங்கள்.

* கேட்க ஆள் இல்லையா? எழுதுங்கள். 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், மனதைப் பாதித்த சம்பவத்தையும் அப்போது உணர்ந்ததையும் தினமும் 15 நிமிஷம் என 4 நாள்கள் எழுதிய மாணவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. எழுதி முடித்த உடனே மனம் கனமாக இருக்கலாம். அது இயல்புதான்.

* கோபம் உச்சத்தில் இருக்கும்போது ஸ்டேட்டஸ் போடாதீர்கள். டைப் பண்ணுங்க, டிராஃப்ட்ல வைங்க, சாப்பிட்டுட்டு வந்து படிங்க.

புலம்பல் வேற, புகார் வேற

எல்லாவற்றையும் பீடை போச்சு என்று விட்டுவிடக் கூடாது. தெருவிளக்கு எரியாமல் ஒரு மாதம் ஆகிறது என்றால் அது திருஷ்டி இல்லை, யாரோ செய்ய வேண்டிய வேலை. அதை நண்பரிடம் சொல்லிப் பயனில்லை. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். முதல்வர் உதவி மையம் 1100. வாங்கிய பொருளில் ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரயிலில் பிரச்னை என்றால் 139.

ஒரு ஈஸி டெஸ்ட்: 'இதை மாத்த யாராலயாவது முடியுமா?' முடியும் என்றால் புகார். முடியாது என்றால் புலம்பல்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், எதிலும் ஆர்வம் இல்லாமல் ரெண்டு வாரத்துக்கும் மேல் போகிறது என்றால், அதை 'சும்மா புலம்புறேன்' என்று நீங்களே குறைத்துச் சொல்லாதீர்கள். மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

மற்றபடி, அடுத்த பௌர்ணமிக்கு வெறுங்காலோடு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ''அண்ணே, என் செருப்பையும் காணோம்ணே!'' அவர் சிரித்துவிட்டு, 'எனக்குப் போன மாசம் போச்சு தம்பி' என்று ஆரம்பித்தால்... அவருக்கும் ஒரு லிங்கம் தூரம் டைம் கொடுங்க!