மின்சாரத் துடிப்பால் பாறையை உடைத்தால் கரண்ட் மிச்சமாகுமா?

சுரங்கத்தில் வெட்டியெடுத்த கல்லிலிருந்து செம்பு, தங்கம் போன்றவற்றைப் பிரிக்கணும்னா முதலில் அதை மாவு மாதிரி அரைக்க வேண்டும். உலக மின்சாரத்தில் சில சதவீதம் இந்த உடைக்கும், அரைக்கும் வேலைக்கே போகிறது. ஆனால் இரும்புக் குண்டுகள் உருளும் அரவை ஆலைகளில் கல்லைப் பிளக்க உண்மையில் பயன்படுவது சிறு பங்குதான். மீதியில் பெரும்பகுதி சூடாக வீணாகிறது. இதற்குத் தீர்வாகப் பேசப்படுவதுதான் உயர் மின்னழுத்தத் துடிப்பு முறை.

எப்படி உடைகிறது?

கல்லைத் தண்ணீரில் போட்டு, சுமார் 1 முதல் 2 லட்சம் வோல்ட் வரை மின்சாரத்தைத் துடிப்புகளாகச் செலுத்துகிறார்கள். மெதுவாக ஏற்றினால் மின்சாரம் தண்ணீர் வழியாகவே போய்விடும். சுமார் 500 நானோ விநாடிக்குள் உச்சத்தைத் தொட்டால் கதையே வேறு. அந்த வேகத்தில் கல்லைவிடத் தண்ணீர்தான் மின்சாரத்தை அதிகம் தடுக்கும். அதனால் மின்சாரம் கல்லுக்குள் புகுந்து, அதை உள்ளிருந்தே பிளக்கிறது.

இதில் என்ன லாபம்?

கல்லை நசுக்குவது கஷ்டம், இழுத்துப் பிளப்பது சுலபம். இழுவிசையைத் தாங்கும் பலம், அழுத்தத்தைத் தாங்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதோடு, வெவ்வேறு தாதுக்கள் ஒட்டியிருக்கும் இடத்திலேயே விரிசல் விழுவதால் பிரிப்பதும் எளிது.

கரண்ட் கணக்கு என்ன?

ஒரு துடிப்புக்கு 750 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். 1 யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அப்படியானால் 1 யூனிட்டில் 4,800 துடிப்புகள் கிடைக்கும்.

ஒரு டன் கல்லில் விரிசல் மட்டும் விழ வைக்க 2 யூனிட் செலவாகிறது, பிறகு அரைக்க 15 யூனிட் தேவை என்று கொள்வோம். விரிசலால் அரவைச் செலவு 20 சதவீதம் குறைந்தால் 3 யூனிட் மிச்சம். நிகர லாபம் 1 யூனிட். 10 சதவீதம்தான் குறைந்தால்? அரை யூனிட் நஷ்டம்!

அப்போ சிக்கல் எங்கே?

துடிப்பாலேயே கல்லைத் தூளாக்க நினைத்தால் செலவு எகிறிவிடும். துகள் சிறிதாகச் சிறிதாக, மின்சாரம் கல்லைத் தவறவிட்டுத் தண்ணீரில் பாய்வது அதிகமாகும். தண்ணீரில் உப்பு கரைந்தாலும் இதே இழப்புதான்.

மிச்சம் மட்டும்தான் காரணமா?

இல்லை. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் பழைய கான்கிரீட்டை இந்த முறையில் உடைத்துப் பார்த்தது. சாதாரணமாக நொறுக்கினால் ஜல்லியில் சிமென்ட் ஒட்டிக்கொண்டே இருக்கும். இதில் ஜல்லி தனியாகப் பிரியும், மறுபடி கட்டடத்துக்கே பயன்படுத்தலாம்.

ஆக, துடிப்பு விரிசல் போடட்டும், ஆலை அரைக்கட்டும். இந்தக் கூட்டணியில்தான் கரண்ட் மிச்சமாக வாய்ப்பு உண்டு.