இரத்மலானையும் இறங்குகால ஒழுங்கும்

1935 நவம்பர் 27ஆம் திகதி, சென்னைப் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த புஸ் மொத் என்னும் சிறு விமானமே கொழும்புக்குத் தெற்கிலுள்ள இரத்மலானையில் முதன்முதலாகத் தரையிறங்கியது. அதற்கு நான்கு வாரங்களுக்கு முன்னர், ஒக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ரைட் பீல்டில் போயிங் 299 என்னும் புதிய குண்டுவீச்சு விமானம் மேலெழுந்தவுடன் விழுந்து நொறுங்கியது. தரையில் நிற்கும்போது வாலின் கட்டுப்பாட்டுத் தகடுகள் காற்றில் அசையாதிருக்க இடப்படும் பூட்டு கழற்றப்படாததே அதற்குக் காரணம். ஓட்டியவரோ தேர்ந்த சோதனை விமானி. நினைவாற்றலை மட்டும் நம்புதல் தகாது என்று உணர்ந்த அமெரிக்கப் படைத்துறையினர், புறப்படுமுன்னும் இறங்குமுன்னும் வரிவரியாகப் படித்துச் சரிபார்க்க வேண்டிய பட்டியல்களை வகுத்தனர்.

அவ்வழக்கம் போர்க்காலத்தில் டக்கோட்டா எனப்பட்ட டிசி-3 வகை விமானங்களோடு உலகெங்கும் பரவிற்று. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கை விமான நிறுவனமான எயார் சிலோனின் முதற்சேவை இத்தகைய விமானத்திலேயே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குச் சென்றது. தலைமன்னார் வரை ரயிலில் சென்று, கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கிய, கொழும்பின் கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைத் தமிழருள் வசதி படைத்தோருக்கு இது ஒரு மாற்றுவழியாயிற்று.

டக்கோட்டாவின் வாற்சக்கர அமைப்பு இறங்குகையில் மிகுந்த கவனத்தைக் கோருவது. எடையின் நடுப்புள்ளி முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், நிலந்தொடும் வேளையில் மூக்கு சற்றே திரும்பினும் வால் அத்திருப்பத்தை மேலும் பெரிதாக்கும். ஆதலால் வாற்சக்கரத்தைப் பூட்டுதல் இறங்குமுன் பட்டியலில் ஒரு வரியாக இடம்பெற்றது. 1949 டிசம்பர் 21 அன்று எயார் சிலோனின் ‘சுனேத்திரா தேவி’ என்னும் டக்கோட்டா திருச்சிராப்பள்ளியில் இறங்குகையில் கட்டுப்பாடிழந்து சேதமுற்றது. பயணிகள் உயிர்தப்பினர், தவறு விமானியுடையது என விசாரணை முடிவுசெய்தது.

ஆனால் தவறு என்பது ஒருவர் கையில் மட்டும் நிகழ்வதன்று என்பதைக் கட்டுநாயக்க விமான நிலையத்தருகே நேர்ந்த பெருந்துயரே தெளிவாகக் காட்டுகிறது. 1978 நவம்பர் 15 அன்று, ஜித்தாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றி இந்தோனேசியாவின் சுரபாயாவுக்குச் சென்ற ஐஸ்லாந்து நிறுவனத்தின் டிசி-8, எரிபொருள் நிரப்ப இறங்க முயன்றபோது ஓடுபாதையை எட்டுமுன்னரே தென்னந்தோப்பில் விழுந்தது. விமானத்திலிருந்த 262 பேரில் 183 பேர் மாண்டனர். வகுக்கப்பட்ட இறங்கு நடைமுறையை விமானிகள் பின்பற்றவில்லை என்றும், உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் துணை விமானி வாய்விட்டு அறிவிக்கவில்லை என்றும் இலங்கை விசாரணை கூறியது. ஐஸ்லாந்துத் தரப்போ, இறங்குசரிவை வானொலி அலைகளால் காட்டும் நிலையக் கருவியமைப்பையும் வான் கட்டுப்பாட்டையும் குறைகூறிற்று. இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல: தரைக்கருவி பிழைபடக்கூடும் என்பதற்காகவே உயரமானியைப் பார்த்து அறிவிக்கும் கடமை இன்னொருவருக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குரல் ஒலித்திருந்தால், மக்காவிலிருந்து வீடு திரும்பிய அம்மக்களுட் பலர் பிழைத்திருக்கக்கூடும்.

சிறு விமானத்தில் தனித்துப் பறப்பவருக்கு அத்தகைய இரண்டாம் குரல் இல்லை. பறத்தற் பயிற்சி இன்றும் நடைபெறும் இரத்மலானை போன்ற இடங்களில் பயிலும் மாணவர், பிறேக், சக்கரம், எரிபொருட் கலவை, எரிபொருள், இருக்கைப்பட்டி என ஒவ்வொன்றையும் தொட்டும் பார்த்தும் தாமே உரக்கச் சொல்லிக்கொண்டு இறங்கவேண்டியவராகின்றனர்.