கரண்ட் கணக்குப்பிள்ளை

கம்ப்யூட்டருக்குச் சாப்பாடு கரண்ட். சரி, எவ்வளவு சாப்பிடுகிறது? இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தேடுவதையே வாழ்நாள் உத்தியோகமாக வைத்துக்கொண்ட ஓர் அமெரிக்கர் இருக்கிறார். பெயர் ஜோனதன் கூமி. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் முன்பு வேலை பார்த்த ஆசாமி.

அவரை ஊருக்கெல்லாம் தெரியவைத்தது, மற்றவர்கள் போட்ட ஒரு தப்புக் கணக்கு.

1999 மே மாதம். ஃபோர்ப்ஸ் பத்திரிகையில் பீட்டர் ஹூபர், மார்க் மில்ஸ் என்ற இருவர் ஒரு குண்டு போட்டார்கள். அமெரிக்க மின்சாரத்தில் 8 சதவிகிதத்தை இன்டர்நெட் விழுங்குகிறது. கம்ப்யூட்டர் சமாசாரம் எல்லாம் சேர்த்தால் 13. பத்தே வருடத்தில் பாதி கரண்ட் இதற்கே போய்விடும். ஆகவே, தோண்டுங்கள் நிலக்கரியை!

கூமியும் சகாக்களும் அந்தக் கணக்கைப் பிரித்து மேய்ந்தார்கள். ஒரு பி.சி.யும் அதன் துணைச் சாமான்களும் ஆயிரம் வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டு பெருக்கியிருந்தார் மில்ஸ். மீட்டர் வைத்து அளந்தால் அதில் ஒரு சின்னப் பங்குதான் வந்தது. இன்டர்நெட் கணக்கு எட்டு மடங்கு ஊதப்பட்டிருந்தது. மொத்தக் கம்ப்யூட்டர் செலவும் 13 இல்லை, ஏறக்குறைய 3 சதவிகிதம்.

'இதில் என்ன பெரிய விஷயம்?' என்கிறீர்களா? இருக்கிறது. தப்பு நம்பரை நம்பி ஒரு மின்நிலையம் கட்டிவிட்டால், அது பல பத்தாண்டுகள் புகை விடும். கடனை யார் கட்டுவார்? மாதாமாதம் பில் கட்டுகிறவர்தான். 2000-01இல் கலிஃபோர்னியா இருட்டில் தவித்தபோது, பழியை இன்டர்நெட் மேல் போட இதே நம்பர்தான் கைகொடுத்தது.

அப்படியானால் கூமி கம்ப்யூட்டர் கம்பெனிகளின் ஆளா? அதுவும் இல்லை. 2007இல் அவரே இன்னொரு கணக்கை வெளியிட்டார். 2000க்கும் 2005க்கும் இடையே சர்வர்கள் குடிக்கும் கரண்ட் இரண்டு மடங்காகிவிட்டது என்றார். கம்பெனிகள் விழித்துக்கொண்டன. ஒரே சர்வரில் பல சர்வர்களின் வேலையை ஏற்றினார்கள். நடுவில் பொருளாதாரச் சரிவும் வந்தது. 2011இல் மறுபடி எண்ணிப் பார்த்தார். 2005க்குப் பிறகான ஐந்து வருடத்தில் உலக டேட்டா சென்டர்களின் செலவு இரண்டு மடங்காகவில்லை, 56 சதவிகிதம்தான் ஏறியிருந்தது.

அதே 2011இல்தான் இன்னொன்றும் சொன்னார். ஒரு யூனிட் கரண்டில் கம்ப்யூட்டர் போடும் கணக்குகள், ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகி வந்திருக்கின்றன. 'கூமி விதி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்த வேகம் 2000க்குப் பிறகு தணிந்துவிட்டது என்பதையும் பிற்பாடு அவரே சொன்னார்.

2020இல் சயன்ஸ் இதழில் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரைப்படி, 2010 முதல் 2018 வரை டேட்டா சென்டர்களின் வேலை ஆறரை மடங்கானது. கரண்ட் செலவு கூடியதோ வெறும் 6 சதவிகிதம்!

பிறகு வந்தது ஏ.ஐ. இப்போது முள் நிஜமாகவே ஏறுகிறது. 2023இல் அமெரிக்க மின்சாரத்தில் 4.4 சதவிகிதம் டேட்டா சென்டர்களுக்குப் போனது என்கிறது அதே பெர்க்லி ஆய்வுக்கூடம். 2028இல் அது 6.7 ஆகலாம், 12ஆகவும் ஆகலாம். ஏன் இத்தனை பெரிய இடைவெளி? எத்தனை சிப் விற்கும், எவ்வளவு நேரம் ஓடும் என்பது யாருக்கும் நிச்சயமில்லை.

பாதி கரண்டை ஏ.ஐ. தின்னப்போகிறது என்று நாளைக்கே யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். பயப்படுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'மீட்டரைப் பார்த்தீரா ஐயா, இல்லை பெருக்கிப் பார்த்தீரா?'